சதுர அடைப்புக்குறியின் மதிப்பு: செயற்கை நுண்ணறிவுக் காலத்தில் நூலகவியல் திறன்கள், ஒரு முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸ் நகருக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கோவிலில், மடப்பள்ளியை ஒட்டிய அறையில் ஒரு மர அலமாரி இருக்கிறது. அதன் கீழ்த்தட்டில் மேலட்டை போன ஒரு பதிகப் புத்தகம் கிடைத்தது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயர் இருந்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. "பிரபவ வருஷம் தை மாதம்" என்ற வரி மட்டும் தெளிவாக நின்றது. சனிக்கிழமைதோறும் உதவிக்கு வரும் கல்லூரி மாணவி அந்தப் பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இது எந்த ஆண்டு என்று கேட்டாள். 1987 என்று நொடியில் விடை வந்தது. அந்த விடையில் தயக்கத்தின் நிழல்கூட இல்லை.

பிரபவ ஆண்டு அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 1867, 1927, 1987 என்று மூன்று பிரபவங்கள் நம் முன்னால் நின்றன. புத்தகத்தைப் புரட்டினோம். 'லை', 'னை' ஆகிய எழுத்துகள் முன்னால் துதிக்கை போல வளைந்த பழைய வடிவில் இருந்தன. தமிழ்நாட்டில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்தபோது மாறிய 13 வடிவங்களில் இவையும் சேரும். ஆனால் அந்த ஆணைக்குப் பிறகும் பழைய அச்செழுத்தையே வைத்து ஓட்டிய அச்சகங்கள் உண்டு. ஆகவே 1987ஐத் தள்ளிவிட இது ஒன்று மட்டும் போதாது. பின்னட்டையில் ஒரு கடை விளம்பரம், அதில் மோட்டார் காரின் படம். 1867 போயிற்று. முதல் வெற்றுத்தாளில் யாரோ மையால் எழுதிய அன்பளிப்பு வரி, அதன் கீழ் 1934 என்ற ஆண்டு. 1987உம் போயிற்று. எஞ்சியது 1927. அப்படியே எழுதப் போன மாணவியை நிறுத்தினேன். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. அந்த ஆண்டின் தை மாதம் வருவதற்குள் ஆங்கில ஆண்டு புரண்டுவிடும். பிரபவ ஆண்டுத் தை என்றால் 1928 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடு வரை.

பட்டியல் அட்டையில் [1928] என்று எழுதினோம். அந்தச் சதுர அடைப்புக்குறிக்கு நூலகவியலில் ஒரு பொருள் உண்டு: "இந்த எண் நூலில் அச்சாகவில்லை, பட்டியலிட்டவர் சான்றுகளைக் கொண்டு கண்டது." ஐயம் மிச்சமிருந்தால் [1928?] என்று கேள்விக்குறியும் சேரும். கண்டதையும் ஊகித்ததையும் ஒரே எழுத்தில் எழுதக் கூடாது என்பது பட்டியலாளர்களின் பழைய ஒழுக்கம். இன்று நம் கைப்பேசியில் குவியும் விடைகளில் இல்லாதது இந்த அடைப்புக்குறிதான். நூலகவியல் படித்தவர்களுக்கு இனி என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதிலும் இதுவே: அந்த அடைப்புக்குறியைப் போடத் தெரிந்தவர்கள் நீங்கள்.

இந்த வழிகாட்டி நூலகவியல் பட்டம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. வீட்டுப் பரணில் தாத்தாவின் பெட்டி இருப்பவர்கள், கோவில் அலமாரிக்குப் பொறுப்பானவர்கள், பள்ளியில் தமிழ் கற்பிப்பவர்கள் எல்லோரும் இதைப் பின்பற்றலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். கோடு போட்ட தடித்த நோட்டு ஒன்று, மென்மையான பென்சில், நல்ல கேமரா உள்ள கைப்பேசி, ஒரு விரிதாள் செயலி. இவை போதும்.

முதல் படி: அடுக்குவதற்கு முன் அப்படியே பதிவு செய்யுங்கள்

பெட்டியைத் திறந்ததும் கை பரபரக்கும். புத்தகங்களை ஒரு பக்கம், கடிதங்களை ஒரு பக்கம், படங்களை ஒரு பக்கம் என்று பிரிக்கத் தோன்றும். தயவுசெய்து கையைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒரு திருமண அழைப்பிதழ் ஒரு நிலப்பத்திரத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தால், அந்த மடிப்பே ஒரு செய்தி. சீதனமாக வந்த நிலமாக இருக்கலாம். பிரித்து அடுக்கிய மறுநிமிடம் அந்தச் செய்தி அழிந்துவிடும், எந்தச் செயலியாலும் அதை மீட்டுத் தர முடியாது.

ஆவணங்களை அவை எவரிடமிருந்து வந்தனவோ அந்தத் தொகுதியாகவே வைக்க வேண்டும் என்ற விதியை 1841இல் பிரான்ஸ் அரசு தன் ஆவணக் காப்பகங்களுக்கு வகுத்தது. உலகெங்கும் ஆவணக் காப்பாளர்கள் இன்றும் அதைத்தான் கடைப்பிடிக்கிறார்கள். பெட்டியை மூடிய நிலையில் ஒரு படம், திறந்ததும் ஒரு படம், ஒவ்வோர் அடுக்கை எடுக்கும்போதும் ஒரு படம். பிறகு சேர்க்கைப் பதிவேடு. நோட்டில் 1, 2, 3 என்று எண்ணிட்டு, என்ன பொருள், யார் கொடுத்தது, எந்த நாள், எந்த நிலையில் என்று நான்கு பத்தி போடுங்கள். அதே எண்ணைப் பொருளின் பின்புறம் ஓர் ஓரத்தில் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா வேண்டாம். பசைத்தாளும் வேண்டாம்.

இந்த எண் பின்னால் உங்கள் கணினிக் கோப்பின் பெயராகவும் ஆகும். "ஸ்கேன் புதியது இறுதி 2" என்று பெயரிட்ட நூறு கோப்புகளுக்குள் தேடித் தவித்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இரண்டாம் படி: கேள்விக்குள் இருக்கும் கேள்வியைக் கேளுங்கள்

நூலகவியலில் குறிப்புதவி நேர்காணல் என்று ஒரு பாடம் உண்டு. வருபவர் கேட்கும் கேள்வி ஒன்று, அவருக்குத் தேவையானது வேறொன்று என்ற அனுபவத்திலிருந்து பிறந்த பாடம் அது. செயலியிடம் நன்றாகக் கேட்பது எப்படி என்று இன்று கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள். அதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஒரு முதியவர் வந்தார். "அம்மா, எங்கள் பாட்டனார் எந்தக் கப்பலில் வந்தார் என்று கண்டுபிடித்துத் தர முடியுமா?" என்றார்.

"கண்டுபிடிக்கலாம் ஐயா. அது எதற்காக வேண்டியிருக்கிறது என்று சொல்ல முடியுமா?"

பேரனுக்கு ஓசிஐ (வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை) அட்டை எடுக்க வேண்டுமாம். 2024 மார்ச்சில் மொரீஷியஸ் தேசிய நாளுக்கு வந்த இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு, இந்திய வம்சாவளியில் ஏழாம் தலைமுறை வரை அந்த அட்டை பெற வழி செய்யப்படுவதாக அறிவித்தார். அப்படியானால் அவருக்கு வேண்டியது கப்பலின் பெயர் அன்று. வந்திறங்கிய மனிதரிலிருந்து பேரன் வரை அறுபடாமல் ஓடும் சான்றுச் சங்கிலி: பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் ஒவ்வொரு தலைமுறைக்கும். அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால் கப்பலைத் தேடிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பியிருப்பேன்.

செயலியிடம் போகும் முன் நோட்டில் நான்கு வரி எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது என்ன, எதற்கு? ஏற்கெனவே உறுதியாகத் தெரிந்தது எது? எந்த இடம், எந்தக் காலம்? எப்படிப்பட்ட சான்று கிடைத்தால் ஏற்றுக்கொள்வேன்? நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சான்றின் தரத்தை முன்கூட்டியே முடிவு செய்யாதவர், கிடைத்த முதல் விடையைச் சான்றாக எடுத்துக்கொள்வார்.

மூன்றாம் படி: படத்தை எழுத்தாக்கும்போது மூன்று பிரதி வையுங்கள்

படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் தமிழ் எழுத்துணரிகள் சில ஆண்டுகளில் நன்றாக முன்னேறியிருக்கின்றன. புதிய அச்சுப் பக்கம் என்றால் பெரும்பாலும் சரியாகவே படிக்கின்றன. பழைய பக்கத்தில்தான் சிக்கல். எங்கள் அலமாரிப் புத்தகங்களில் துதிக்கை 'லை' வரும் இடமெல்லாம் தடுமாற்றம். 'மாலை', 'வேலை' எல்லாம் வால் அறுந்து வந்தன.

அதைவிட நுட்பமான பொறி தமிழ் எண்கள். ௧ என்பது பார்வைக்கு 'க', ௨ என்பது 'உ', ௭ என்பது 'எ', ௯ என்பது 'கூ'. ஆகவே ௧௯௨௭ என்று அச்சான ஆண்டு எழுத்துணரியின் கையில் 'ககூஉஎ' என்று மாறிவிடும். இது வெறும் எழுத்துணரி என்றால் அந்தப் பொருளற்ற கோவையைப் பார்த்ததும் நமக்குச் சந்தேகம் வரும். மொழி மாதிரி (செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்குள் இருந்து வாக்கியம் கட்டும் நிரல்) இணைந்த புதிய கருவிகளில் ஆபத்து வேறு வகை. அவை பொருளற்றதை விரும்புவதில்லை, அந்த இடத்தில் பொருந்தும் ஒரு சொல்லைத் தாமே வைத்துவிடும். படிக்கச் சரளமாக இருக்கும், மூலத்தில் இருக்காது. பிழை கண்ணில் உறுத்தினால் திருத்திவிடலாம். உறுத்தாத பிழையைப் பிடிக்க மூலத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாக வேண்டும், வேறு வழி இல்லை.

ஆகவே ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கோப்பு: மூலப் படம், கருவி தந்த எழுத்து மாற்றப்படாமல், நீங்கள் திருத்திய எழுத்து. மூன்றுக்கும் ஒரே சேர்க்கை எண், கடைசியில் மட்டும் அ, ஆ, இ. திருத்திய கோப்பின் தலையில் யார், எந்த நாளில் திருத்தினார் என்று ஒரு வரி. படிக்க முடியாத இடத்தில் [படிக்க இயலவில்லை] என்றே எழுதுங்கள். அந்த இடத்தை நிரப்பிவிடத் தோன்றும் ஆசை மனிதருக்கும் உண்டு.

எழுத்துகள் யூனிகோடில் இருக்கட்டும். பழைய தனி எழுத்துருக்களில் தட்டச்சான கோப்புகள் கிடைத்தால் மாற்றிக்கொண்டு, மூலக் கோப்பையும் அழிக்காமல் வையுங்கள்.

நான்காம் படி: பட்டியல் அட்டை

1995இல் அமெரிக்காவின் டப்ளின் என்ற ஊரில் கூடிய நூலகர்களும் கணினியாளர்களும் இணையத்தில் உள்ள எதையும் விவரிக்கத் தொடங்கிய முயற்சியே பின்னர் 15 கூறுகளாக உருப்பெற்றது. டப்ளின் கோர் என்று அதற்குப் பெயர். தலைப்பு, ஆக்கியவர், பொருள், விவரிப்பு, வெளியிட்டவர், பங்களித்தவர், நாள், வகை, வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, இடமும் காலமும், உரிமை. விரிதாளில் இவற்றையே பத்தித் தலைப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள். நிரப்ப முடியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

செயலியை இங்கே வேலை வாங்கலாம். திருத்திய எழுத்தைக் கொடுத்து முதல் வரைவை எழுதச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை ஒரு நிமிடமாகும், நன்றியோடு ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு நிபந்தனை வையுங்கள். பக்கத்தில் அச்சாகியிருப்பதை அச்சானபடியே தர வேண்டும். ஊகித்தது எதுவானாலும் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, எதைக் கொண்டு ஊகித்தது என்றும் சொல்ல வேண்டும். இப்படிக் கேட்டால் விடையின் தரம் உயர்கிறது. ஆனாலும் அடைப்புக்குறி போட வேண்டிய இடத்தில் போடாமலும் வரும். கடைசிக் கையொப்பம் உங்களுடையதாகவே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பெயர்களுக்கு ஒரு வீடு கட்டுங்கள்

மற்றப் படிகளில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

1834 முதல் 1920 வரை ஏறத்தாழ 5 லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்கள் இந்தியாவிலிருந்து மொரீஷியஸ் மண்ணில் இறங்கினார்கள். அதற்கும் முன்பே, 1735இல் ஆளுநராக வந்த லா பூர்தொன்னே காலத்தில், புதுச்சேரிப் பக்கத்துக் கைவினைஞர்கள் போர்ட் லூயிஸ் துறைமுகத்தை எழுப்ப வந்திருந்தார்கள். இவர்களின் பெயரைக் கேட்டு எழுதிய எழுத்தர்களில் சிலர் ஆங்கிலக் காதோடும் சிலர் பிரெஞ்சுக் காதோடும் எழுதினார்கள். முத்து 'மூத்தூ' ஆனார். ஆறுமுகம் 'ஆர்மூகம்' ஆனார். வைத்தியலிங்கம் 'வைடலிங்கம்', திருவேங்கடம் 'தீர்வெங்கடம்', கணபதி 'கனபாடி'. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு வேறோர் எழுத்து. தகப்பன் பெயர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்தது இன்னொரு முடிச்சு.

நூலகவியலில் இதற்கான மருந்து, பெயர் அதிகாரக் கட்டுப்பாடு. ஒரு மனிதருக்கு ஒரு பதிவு. அதில் ஏற்றுக்கொண்ட ஒரு வடிவம், அதன் கீழ் ஆவணங்களில் காணும் எல்லா வடிவங்களும், ஒவ்வொன்றும் எந்த ஆவணத்தில் உள்ளது என்ற குறிப்பும். யாரையும் திருத்துவது இதன் நோக்கமன்று. எந்த எழுத்தில் தேடி வந்தாலும் அந்த மனிதரின் வாசலில் கொண்டு விடுவதே நோக்கம். உலகின் பெரிய நூலகங்கள் தங்கள் பெயர்க் கோப்புகளைப் பன்னாட்டு மெய்நிகர் அதிகாரக் கோப்பு என்று ஒன்றாக இணைத்திருப்பதும் இதே முறையில்தான்.

செய்முறை இது. விரிதாளில் தனி ஏடு ஒன்று திறந்துகொள்ளுங்கள். முதல் பத்தியில் நீங்கள் இடும் ஆள் எண். அடுத்து தமிழில் ஏற்றுக்கொண்ட பெயர். அடுத்து ரோமன் எழுத்தில் ஆவணங்கள் தரும் வடிவங்கள், ஒன்றுகூட மாற்றாமல். பிறகு தகப்பன் பெயர், ஊர், மாவட்டம், வந்த ஆண்டு. கடைசியில், எல்லாவற்றையும்விட முக்கியமாக, குடியேறியவர் எண்.

அந்த எண்ணைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் குடியேற்றப் பதிவேடுகள் இருக்கின்றன. குடும்பத்தார் அங்கே விண்ணப்பித்துத் தங்கள் முன்னோரின் பதிவுக்குச் சான்றுப் படி பெறலாம். ஒருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடலில் உள்ள அடையாளம், ஊர், கப்பல், அவருக்கு இட்ட எண். 1860களிலிருந்து பலருக்குப் புகைப்படமும் உண்டு. தோட்டத்துக்கு ஆள் பிடித்த ஆட்சி, மனிதரைச் சரக்குப் போல எண்ணிட்டது. அந்த எண்ணை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் பெயர்கள் சிதைந்துபோன இடத்தில் அந்த எண் ஒன்றுதான் சிதையாமல் நிற்கிறது, பேரப்பிள்ளைகள் பற்றிக்கொள்ளும் கயிறாக.

ஓசிஐ கேட்டு வந்த முதியவரின் கதை இங்கேதான் திரும்பியது. அவர் குடும்பத்தில் இரண்டு பதிவுப் படிகள் இருந்தன. இரண்டிலும் ஆறுமுகம், இருவருக்கும் தகப்பன் பெயர் முருகன், எழுத்துதான் சற்று வேறு. பேரன் இரண்டையும் ஒரு செயலியில் ஏற்றியிருக்கிறான். இருவரும் ஒரே ஆள், எழுத்து வேறுபாடு எழுத்தரின் பிழை என்று அது அழகாக விளக்கி, ஒரு வம்சாவளி மரமும் வரைந்து தந்துவிட்டது. நான் எண்களைப் பார்த்தேன். வேறு வேறு. உயரம் வேறு. ஒருவருக்கு இடது முன்கையில் தழும்பு, மற்றவருக்கு எந்த அடையாளமும் குறிக்கப்படவில்லை. முருகனுக்கு மகன் ஆறுமுகம் என்பது நம்மில் எத்தனை வீட்டில் உண்டு! தமிழ் வீட்டுப் பெயரிடும் வழக்கம் தெரிந்தவருக்கு உடனே ஐயம் வரும். அந்த மரத்தை நம்பி விண்ணப்பித்திருந்தால், வேறொருவரின் பாட்டனாரைத் தம் பாட்டனாராக அரசுக் காகிதத்தில் ஏற்றியிருப்பார்கள்.

ஒரே பெயரை ஒரே ஆளாக முடிச்சுப் போடுவதும், ஒரே ஆளை இரண்டு பேராகப் பிரிப்பதும் இயந்திரத்துக்கு எளிது. முடிச்சுப் போடும் முன் குறைந்தது இரண்டு சான்று பொருந்த வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். பெயரை அதில் ஒன்றாகக் கணக்கிடக் கூடாது.

ஆறாம் படி: வகுக்கும்போது யார் மேலே, யார் கீழே என்று பாருங்கள்

1998 இறுதியில் மொரீஷியஸில் புதிய ரூபாய்த் தாள்கள் வெளிவந்தன. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த வரிசை அவற்றில் மாறி, இந்தி தமிழுக்கு முன்னால் வந்திருந்தது. தமிழர்கள் எதிர்த்தார்கள். தாள்களைத் திரும்பப் பெற்று வேறு அச்சிட வேண்டியதாயிற்று. வரிசை வெறும் வரிசைதானே என்று சொல்பவர்களுக்கு இந்த நாட்டில் பதில் உண்டு.

நூலக வகைப்பாட்டிலும் அப்படியே. டூயி தசமப் பகுப்பு 1876இல் பிறந்தது. அதில் சமயத்துக்கு 200 முதல் 299 வரை. 220 முதல் 280கள் முழுவதும் கிறிஸ்தவத்துக்குப் போய்விட, உலகின் மற்றச் சமயங்கள் எல்லாம் 290களுக்குள் நெருக்கி உட்கார்ந்தன. இந்து சமயம் 294.5. தமிழ் இலக்கியம் 894.811, தமிழ் மொழி 494.811, மொரீஷியஸ் வரலாறு 969.82. ஒரு கோவில் அலமாரியை டூயிப்படி அடுக்கினால் முக்கால்வாசிப் புத்தகங்களும் 294.5 என்ற ஒரே எண்ணில் குவிந்துவிடும். தேவாரமும் காவடிச் சிந்தும் பூசை விதியும் தலபுராணமும் ஒரே குவியல்.

மொழி மாதிரிகளும் இப்படிப்பட்ட சாய்வோடுதான் வளர்ந்திருக்கின்றன. இணையத்தில் எது அதிகமோ அதில் அவை தெளிவாகப் பேசும். தமிழ் அங்கே குறைவு, மொரீஷியஸ் தமிழர் வரலாறு அதிலும் குறைவு. ஆகவே பொருள் தலைப்பு கேட்டால், நம் கோவில் விழாவைச் சென்னைக் கோவில் விழாவாக வகுத்துவிடும். தைப்பூசக் காவடி இங்கே நாடு முழுவதற்கும் அரசு விடுமுறை நாள் என்பதெல்லாம் அதன் தலைப்பில் வராது.

இதற்கு வழி காட்டியவர் நம் சீர்காழிக்காரர். 1892இல் அங்கே பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். ஒரு பொருளை ஒரே எண்ணில் அடைக்காமல், அதன் முகங்களாகப் பிரித்துப் பார்க்கச் சொன்னார்: மையப்பொருள், அது எதனால் ஆனதோ அந்தப் பொருள், செயல், இடம், காலம். உங்கள் விரிதாளில் இந்த ஐந்துக்கும் பத்தி போட்டுவிடுங்கள். ஒரு காவடி விழாத் துண்டறிக்கையா? மையம்: முருக வழிபாடு. பொருள்: காவடி, பால்குடம். செயல்: ஊர்வலம். இடம்: மொரீஷியஸ், ஊர்ப்பெயரோடு. காலம்: ஆண்டு, தெரியாவிட்டால் அடைப்புக்குறி. அச்சாகி வெளிவந்த நூல்களுக்கு மட்டும் டூயி எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், மற்ற நூலகங்களோடு பேச அது உதவும்.

ஏழாம் படி: செயலி சொன்ன விடையைச் சோதிப்பது

மொழி மாதிரி அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து வாக்கியம் கட்டுகிறது. நூற்பெயர், ஆசிரியர் பெயர், பக்க எண் ஆகியவற்றின் தோற்றம் அதற்கு நன்றாகத் தெரியும். அந்தத் தோற்றத்தில் இல்லாத நூலையும் எழுதிவிடும். 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் வழக்கறிஞர்கள் சிலர் இப்படிக் கிடைத்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே இல்லை என்று தெரிந்ததும் 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள்.

சோதனை முறை சுருக்கமானது. விடையில் வரும் ஒவ்வொரு நூலையும் ஒரு நூலகப் பட்டியலில் தேடுங்கள். நம் நாட்டுத் தேசிய நூலகப் பட்டியல், தமிழுக்குச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இலங்கை நூல்களுக்கு நூலகம் திட்டம், இலக்கிய மூலப் பாடத்துக்கு மதுரைத் திட்டம். நூல் கிடைத்தால் அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். நூல் உண்மையாக இருந்து, சொன்ன செய்தி அதில் இல்லாமல் போவது நான் அடிக்கடி சந்திப்பது. கிடைக்காவிட்டால் எழுத்தை மாற்றித் தேடுங்கள், ஆசிரியரின் முதலெழுத்தை விட்டுத் தேடுங்கள். அப்போதும் இல்லையென்றால் அந்தச் செய்தியை நோட்டில் ஏற்றாதீர்கள்.

அதே செயலியிடம் "இது உண்மையா" என்று திரும்பக் கேட்பது சோதனை ஆகாது. சாட்சியையே நீதிபதி ஆக்குவது போன்றது அது.

எட்டாம் படி: காப்பதும் மறைப்பதும்

2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. தாளுக்கு இந்தத் தீவில் வெள்ளமும் பகை, ஆண்டு முழுவதும் உள்ள ஈரக்காற்றும் பகை. கணினிக் கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு ஊரில். ஒரு வன்தட்டு கோவிலில், ஒரு வன்தட்டு மேட்டுநிலத்தில் உள்ள உறவினர் வீட்டில், ஒன்று இணையச் சேமிப்பில். தாள்களைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்திலாவது வையுங்கள், சுவரோடு ஒட்டாமல்.

மறைக்க வேண்டியதும் உண்டு. உயிரோடு இருப்பவரின் அடையாள அட்டை, மருத்துவக் காகிதம், குடும்பச் சண்டை பற்றிய கடிதம் ஆகியவற்றை இலவசச் செயலிகளில் ஏற்றாதீர்கள். ஏற்றியது எங்கே போகிறது என்பது உங்கள் கையில் இல்லை. மொரீஷியஸில் 2017ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பொருளைக் கொடுத்தவரிடம் எதை யார் பார்க்கலாம் என்று எழுத்தில் ஒப்புதல் வாங்கி, அந்தத் தாளுக்கும் ஒரு சேர்க்கை எண் கொடுங்கள்.

ஒன்பதாம் படி: இதை வேலையாக்குவது

நூலகவியல் படித்துவிட்டு, தலைப்பில் 'நூலகர்' என்ற சொல் உள்ள வேலையை மட்டும் தேடும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். எபேன் சைபர் சிட்டியில் உள்ள நிறுவனங்களாகட்டும், வங்கிகளாகட்டும், மருத்துவமனைகளாகட்டும், தங்கள் ஆவணங்களைச் செயலிகள் தேடிப் படித்து விடை சொல்லும்படி அமைக்கவே இன்று முயல்கின்றன. மாதிரி விடை சொல்வதற்கு முன் ஆவணக் குவியலில் தேடி உரிய பக்கத்தை எடுத்து வரும் முறை அது. குவியலில் ஒரே ஒப்பந்தத்தின் ஐந்து பதிப்புகள் தேதி இல்லாமல் கிடந்தால், பழைய பதிப்பைத்தான் அது எடுத்து வந்து நம்பிக்கையோடு ஒப்பிக்கும். அங்கே வேண்டியது பதிப்பு அடையாளம், ஒரே சொல்லாட்சி, பெயர்க் கட்டுப்பாடு, மூலம் காட்டும் ஒழுக்கம். மீத்தரவு வல்லுநர், சொற்தொகுதி மேலாளர், தரவுக் காப்பாளர், அறிவு மேலாண்மை அலுவலர் என்ற பெயர்களில் அந்த வேலைகள் அறிவிக்கப்படுகின்றன. விளம்பரத்தில் பட்டத்தின் பெயரைத் தேடாமல் செய்யும் வேலையைப் படியுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழோடு ஒரு காட்சிப் பொருளும் கொண்டு போங்கள். 50 பொருள்கள் கொண்ட ஒரு சிறு தொகுப்பு போதும்: சேர்க்கைப் பதிவேடு, பட்டியல், பெயர் ஏடு, செயலி தந்த வரைவும் நீங்கள் திருத்தியதும் அருகருகே. எங்கே அது தவறியது, எப்படிக் கண்டீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. எந்தத் துறை மேலாளருக்கும் அந்தத் திருத்தப் பத்தி புரியும். தமிழ், பிரெஞ்சு, ஆங்கிலம், கிரியோல் நான்கிலும் புழங்கும் பிள்ளைகள் இந்தத் தீவில் இருக்கிறார்கள். ஒரே பெயர் நான்கு எழுத்தில் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். அந்தக் கண் எளிதில் வாய்ப்பதன்று.

முதியவரின் காகிதங்களோடு இன்னும் இருக்கிறோம். இரண்டு ஆறுமுகங்களில் எவர் அவர் பாட்டனார் என்பதற்கு, அந்தப் பாட்டனாரின் மகன் திருமணப் பதிவில் உள்ள எண் ஒத்துப்போக வேண்டும். அந்தப் பதிவின் படிக்கு முதியவர் விண்ணப்பித்திருக்கிறார். பெயர் ஏட்டில் மாணவி அவருக்கு ஒரு வரி திறந்து, இரண்டு குடியேறியவர் எண்களையும் பென்சிலால் எழுதி, இரண்டையும் சதுர அடைப்புக்குறிக்குள் இட்டு, ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறாள்.